மருந்தை உறைய வைத்த வாப்பாவிடமிருந்து

மகளே, முதலில் ஸலாம். அடுத்தது, என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஓ லெவல் சோதனையில் தமிழுக்கு மட்டும் நல்ல சித்தி எடுத்தவன் நான். மற்றப் பாடங்கள் எல்லாம் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ஐஸ் பெட்டி மூடிகளில் யாருடைய பெட்டி என்று தெரிய எழுதும் பெயர்கள்தான். அப்படிப்பட்டவன் இன்றைக்கு ஐஸ் நொறுக்கும் மெஷினை நிறுத்திவிட்டு, கதிரையை வாசலுக்கு இழுத்துப் போட்டு, உனக்குக் கடிதம் எழுதுகிறேன். வெளியே இரண்டு மீன் லொறி நிற்கிறது. "என்ன ஐஸ்காரர், இன்டைக்குக் கடைய மூடிட்டீங்களா?" என்று ஒருவர் கத்துகிறார். கத்தட்டும்.

நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். அதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. நாளைக்குக் காலையில் உன்னை ஆஸ்பத்திரி அறைக்குள் கொண்டுபோய் முட்டைகளை எடுக்கப்போகிறார்கள். அதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். உன் முகத்தைப் பார்த்தால் லொறிக் கதைக்கு மாறிவிடுகிறேன். அதனால்தான் கடதாசி. நீ படித்த பிறகு இதை யாருக்கும் காட்டலாம். காட்டு என்றே சொல்வேன். எங்கள் பக்கத்தில் இந்த விஷயத்தை யாரும் வாய்திறந்து கதைக்கிறதில்லை. பெண்பிள்ளைக்கு வருத்தம் நோய் என்றாலே குரலைக் குறைக்கிறார்கள், கருமுட்டை என்றால் குரலே போய்விடுகிறது. என்னைப் போல இன்னொரு வாப்பா எங்கேயோ பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். அவனும் வாசிக்கட்டும்.

உன் கழுத்தடியில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி வந்தபோது, குளிரில் வந்தது, உப்புத்தண்ணி கொப்பளித்தால் போய்விடும் என்று சொன்ன பெரிய வைத்தியன் நான்தான். நல்லவேளை, நீ என் பேச்சைக் கேட்கவில்லை. கட்டியில் துண்டு எடுத்துச் சோதித்தார்கள், வருத்தத்தின் பெயர் சொன்னார்கள். அந்தப் பெயரை இன்னும் என் வாயால் சொல்ல முடியவில்லை. 'வருத்தம்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன், காய்ச்சலைச் சொல்வதுபோல. மருந்து ஏற்றினால் சுகமாகிற வகைதான் என்று கொழும்பு டொக்டர் சொன்னார். அந்த இடத்தில் எழும்பி ஓடிவந்திருந்தால் நான் சந்தோஷமான மனிதன். ஆனால் அவர் தொடர்ந்து கதைத்தார். அந்த மருந்து பட்டால் பிற்காலத்தில் பிள்ளை கிடைப்பது கஷ்டமாகலாம், ஆகாமலும் விடலாம், விரும்பினால் மருந்து ஏற்றுவதற்கு முன் முட்டைகளை எடுத்து உறைய வைக்கலாம், அதற்கு இரண்டு கிழமை அளவில் பிடிக்கும் என்றார். நீ உடனே, "நான் செய்யோணும் டொக்டர்" என்றாய். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இரண்டு கிழமை! பதினாலு நாள்! மகளே, உன் வாப்பாவின் தொழில் என்ன? வள்ளம் கரையில் முட்டியதும் மீனுக்கு மேல் ஐஸ் விழ வேண்டும். பிறகு போடலாம், தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்றால் மீன் போச்சு. கண் மங்கும், செவுள் கறுக்கும், பிறகு எவ்வளவு ஐஸ் போட்டாலும் போனது போனதுதான். பிந்தினால் கெட்டுவிடும் என்ற ஒன்றை மட்டும் படித்தவன் நான். அப்படிப்பட்டவனிடம், உன் மகளின் உடம்புக்குள் ஒன்று வளர்கிறது, நாங்கள் இரண்டு கிழமை பொறுத்துத் தொடங்குகிறோம் என்று சொன்னால் என்ன செய்வான்? அன்றிலிருந்து உன் கழுத்தைப் பார்க்காமல் உன்னோடு கதைக்க எனக்குத் தெரியாது. நீ தலை முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிடுவாய். நான் பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

பயத்தில் மனிதன் கோமாளியாகிறான். முட்டை எடுக்கும் டொக்டரிடம் இரண்டாம் முறை போன நாள் ஞாபகம் இருக்கா? கேட்க ஏதாவது இருக்கிறதா என்று அவர் சிங்களத்தில் கேட்டார். நான் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்து, "டொக்டர் நோனா, எடுக்கிற அன்டைக்கு நான் மீன் போடுற வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒண்டு கொண்டு வரட்டா? நல்ல ஐஸ் இருக்கு, எங்கட சொந்த ஐஸ்" என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்தார். "மஹத்தயா, இது மீன் இல்லையே" என்றார். நீ கையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். வருத்தம் என்று தெரிந்த பிறகு நீ சிரித்தது அன்றைக்குத்தான். அதற்காக இன்னும் நாலு மோட்டுக் கேள்வி கேட்டிருப்பேன். ஒன்று கேட்டேன், அது விளையாட்டுக் கேள்வி இல்லை. கரண்ட் போனால் முட்டை என்ன ஆகும் என்று கேட்டேன். அது கரண்டில் ஓடுவதில்லை, தாங்கமுடியாத குளிரான நைதரசன் திரவத்துக்குள் இருக்கும், கரண்ட் போனாலும் ஒன்றும் ஆகாது என்று பொறுமையாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். ஆனாலும் இன்று காலையிலும் நுரைச்சோலை மின்நிலையத்தின் பக்கம் பார்த்தேன். புகைக்கூண்டில் புகையைக் காணவில்லை என்றால் ஊரில் லைட் எரிகிறதா என்று போய்ப் பார்க்கிறேன். அந்தக் கூண்டு மூச்சு விடாத நாட்களில் நாடே இருட்டானதையும், என் ஐஸ் கட்டிகள் தண்ணியாக ஓடியதையும் பார்த்தவன் நான். நைதரசன் என்ற சாமானை நான் பார்த்ததில்லையே.

வாயால் உன்னைத் தடுக்கவில்லை. ஆனால் தடுக்க ஆள் தேடினேன். மௌலவியிடம் போனேன். விளக்கம் கேட்க என்று உன்னிடம் சொன்னேன். மெய் என்னவென்றால், ஹராம் என்ற ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு வரத்தான் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிள்ளைட சொந்த முட்டை, நாளைக்கு நிக்காஹ் முடிச்ச புருஷனோட மட்டும் பாவிக்கிறதெண்டா, ஆகும் எண்டுதான் படிச்சவங்க நிறையப் பேர் சொல்றாங்க. ரெண்டு கிழமை பிந்தினா உயிருக்கு ஆபத்தா எண்டு டொக்டரக் கேளுங்க. அது எனக்குத் தெரியாத பாடம்" என்றார். டொக்டரைக் கேட்டேன். இந்த வகைக்கு அவ்வளவு பொறுக்கலாம், அதற்கு மேல் பொறுக்க விடமாட்டோம் என்றார். வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

அடுத்தது உன் பெரிய மாமி. என் கூடப்பிறந்த மூத்த ராத்தா, நான் கூப்பிடாமலே வந்தார். "கலியாணம் முடிக்காத பிள்ளைக்கு இப்ப முட்ட என்னத்துக்கு? மொதல்ல உசிரப் பாருங்க" என்று குசினி வாசலில் நின்று சொன்னார். நீ பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தாய். நிமிராமலே, "கலியாணம் முடிச்ச பிறகு தேடினா கிடைக்காதாம் மாமி. அதான் முன்னுக்கே எடுத்து வைக்கிறன்" என்றாய். ராத்தா என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். அவர் போன பிறகுதான் உன் உம்மா வாய் திறந்தார். இவ்வளவு நாளும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்.

"நீ பிறக்க முந்தி எங்களுக்கு எத்தின வருஷம் பிள்ளை இல்ல எண்டு உனக்குத் தெரியும்" என்று உன்னைப் பார்த்துத் தொடங்கினார், ஆனால் அடி எனக்குத்தான். "வாப்பாக்கு அது ஞாபகமில்ல. அவர் விடிய எழும்பி ஐஸ் நொறுக்கப் போயிருவார். வீட்டுக்கு வந்து, என்ன இன்னும் விசேஷம் ஒண்டும் இல்லையா எண்டு கேட்ட எல்லாருக்கும் பதில் சொன்னது நான். மாசா மாசம் ஓதிட்டு அழுதது நான். உசிரு முக்கியம்தான். ஆனா அந்த உசிர வச்சுக்கொண்டு பிள்ளை இல்லாத வீட்டுல இருந்து பாத்தது நான்தானே." பிறகு என் பக்கம் திரும்பி, "இஞ்ச பாருங்க, பிள்ளை கேக்கிறத செய்யுங்க" என்றார். அவ்வளவுதான். உன் உம்மா கதைப்பது குறைவு, அதனால் விலை கூட. நான் சரி என்றேன். வாய்தான் சரி என்றது. வயிறு சொல்லவில்லை.

இனி அந்த நாள். முட்டைகள் வளர ஒவ்வொரு நாளும் போட வேண்டிய ஊசி மருந்து எங்கள் பக்கத்து மருந்துக் கடைகளில் இல்லை என்றதும் நானே கொழும்புக்கு வேனை எடுத்துக்கொண்டு போனேன். இந்த ஒரு வேலையாவது எனக்குத் தெரிந்த வேலை என்று ஒரு சந்தோஷம். குளிராகக் கொண்டுவர வேண்டிய சாமான், அதைக் கொண்டுவர என்னைவிட ஆள் யார்? மருந்துக் கடைப் பெண்பிள்ளை ஒரு சின்னப் பையில் நீலநிறக் குளிர்ப் பொட்டலம் ஒன்றோடு வைத்துத் தந்து, "அங்கிள், குளிரா வச்சா போதும், உறைய விடாதீங்க" என்றது. கேட்டேன் மகளே. காது நல்லாக் கேட்டது. தலையும் ஆட்டினேன். ஆனால் அந்தப் பையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வெயிலில், புத்தளம் ரோட்டில், இந்த விளையாட்டுச் சாமானா? வேனில் என் ரெஜிபோம் பெட்டி இருந்தது. கொழும்பிலேயே ஐஸ் வாங்கி, நொறுக்கி, அடியில் ஒரு படை, மேலே ஒரு படை போட்டு நடுவில் மருந்தை வைத்தேன். அதோடு விட்டேனா? தூரம் போகிற இறால் பெட்டிக்குச் செய்வதுபோல இரண்டு பிடி உப்பும் தூவினேன். உப்புப் பட்டால் ஐஸின் குளிர் இன்னும் கூடும், கொழும்பு மார்க்கெட் வரைக்கும் இறால் கல்லுப்போலப் போகும். இதில்தான் நான் இந்தப் பக்கத்தில் பெயரெடுத்தவன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, "தொட்டுப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கு" என்று பெருமையாகச் சொன்னது இன்னும் என் காதில் கேட்கிறது. உன் உம்மா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே வெள்ளையாக, நூல் நூலாக உறைந்திருந்தது. நீ மருந்தோடு வந்த விளக்கத் துண்டை எடுத்து வாசித்தாய். உறைந்தால் பாவிக்கக் கூடாது. நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, மெதுவாக, "வாப்பா, தெரிஞ்சுதானே செஞ்சீங்க?" என்று கேட்டாய்.

உம்மா, "என்ன பிள்ளை கதைக்கிறாய்" என்று உன்னை அதட்டினார். நான் வேன் சாவியை எடுத்தேன். டொக்டருக்குக் கோல் எடுத்து, கொழும்புக்கே வந்து வேறு மருந்தோடு நாளைக்குத் தொடங்கலாம் என்று அவர் சொல்ல, உடுப்பைச் சுருட்டிக்கொண்டு மூன்று பேரும் புறப்பட்டோம். நீயும் உம்மாவும் பின்னால். பாலாவி உப்பளம் வந்தது, போனது. வழக்கமாக அந்த இடத்தில் நான் ஏதாவது கோணல் கதை சொல்வேன். கண்ணாடியில் உன்னைப் பார்த்தேன், நீ வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். சிலாபத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தினேன். நீ இறங்கவில்லை. பிளாஸ்டிக் கோப்பையில் வாங்கிக்கொண்டு வந்து தந்தேன், வாங்கிக்கொண்டாய், ஆனால் என் விரல் உன் விரலில் படாமல் வாங்கினாய். அதற்குப் பிறகு கொழும்பில் உன் சின்னம்மா வீட்டில் ஒவ்வொரு நாளும் உம்மா உனக்கு ஊசி போட, நான் ஊருக்கும் கொழும்புக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். நீ என்னோடு கதைத்தாய்தான். சாப்பிட்டீங்களா, மருந்து குடிச்சீங்களா, லொறி வந்ததா. அந்தக் கேள்வியை மட்டும் திரும்பக் கேட்கவில்லை.

இப்போது பதில். இல்லை, தெரிந்து செய்யவில்லை. அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்கிறேன். என் கைக்குத் தெரிந்த ஒரே வேலையை என் கை செய்தது. அந்தப் பெண்பிள்ளை சொன்னது ஐஸ் தெரியாத ஆட்களுக்கு என்று நினைத்தேன். அவ்வளவு மடையன்தான் உன் வாப்பா, அதைவிடக் கெட்டவன் இல்லை. பதில் இதோடு முடிந்திருந்தால் அன்றைக்கே வாயால் சொல்லியிருப்பேன். முடியவில்லை. உம்மா மருந்தை வெளிச்சத்தில் பிடித்தபோது, அது பழுது என்று விளங்கிய அந்தக் கணத்தில், எனக்குள்ளே ஒரு சத்தம் 'அல்ஹம்துலில்லாஹ்' என்றது. சரி, இது போச்சு, இனி இந்தக் கதையை விட்டுவிடுவாள், நாளைக்கே மருந்து ஏற்றத் தொடங்கலாம், பிள்ளை தப்பிவிடும் என்று என் நெஞ்சு துள்ளியது. ஒரு கணம்தான். அந்த நேரம் பார்த்து நீ கேட்டாய். செய்யவில்லை என்று சொன்னால் அந்தத் துள்ளலை மறைக்க வேண்டும், ஓம், செய்தேன் என்று சொன்னால் பொய். இரண்டுக்கும் நடுவில் நின்று முழித்தேன். நீ என் முகத்தில் கண்டது களவு இல்லை மகளே, சந்தோஷம். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. பயம் முற்றினால், தன் பிள்ளையின் கையிலிருந்து விழுந்ததைப் பார்த்து ஒரு தகப்பன் சந்தோஷப்படுவான் என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன், புத்திமதி என்று எடுத்தாலும் சரி. உன்மேல் பாசமாக இருக்கிறவர்கள் பயந்துபோய்க் கதைக்கும்போது அவர்கள் சொல்வதைக் கேள், ஆனால் அந்தப் பயத்தைக் கொண்டு முடிவு எடுக்காதே. என்னுடையதையும் சேர்த்துத்தான். என் பயத்தை ஆற்றுவது உன் வேலை இல்லை. அதேபோல நாளைக்கு எடுப்பதும் எங்களுக்காக இல்லை. எடுத்தாலும் எல்லா முட்டையும் பிள்ளையாகாது, ஒன்றுகூட ஆகாமல் போகலாம் என்று டொக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதை நீ என்னைவிட நன்றாக விளங்கிக்கொண்டாய். அப்படிப் போனாலும் நீ எங்களிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வராதே. முட்டை இருக்கிறது என்பதற்காக அவசரமாக யாரையாவது கலியாணம் முடிக்கவும் வேண்டாம். வருகிற மாப்பிள்ளையிடம் வருத்தத்தையும் சொல், இதையும் சொல். கேட்டுவிட்டு எழும்பிப் போகிறவன் போகட்டும், வாசல் வரைக்கும் நான் கூட்டிக்கொண்டு போய் விடுகிறேன். ஒருவரையும் பிடிக்காமல், அந்த முட்டைகளை நீ ஒருநாளும் கேட்காமல் விட்டாலும், அதற்கும் நான் சரி. இந்த முறை வயிறும் சேர்ந்துதான் சொல்கிறது. வயிறு நடுங்கிக்கொண்டுதான் சொல்கிறது, ஆனால் சொல்கிறது.

இதுவரைக்கும் எழுதியது நேற்று, ஐஸ் நொறுக்கும் இடத்தில். இனி எழுதுவது கொழும்பில், ஆஸ்பத்திரிக் கொரிடோரில், ஆடுகிற ஒரு கதிரையில் இருந்துகொண்டு. கடிதத்தைக் காலையில் உன்னிடம் தர நினைத்தேன். சேர்ட் பொக்கட்டில் கை வைத்தேன், தைரியம் வரவில்லை. உன்னை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். உம்மா பக்கத்தில் யாஸீன் ஓதிக்கொண்டிருக்கிறார். கூடுதலாக நேரம் ஆகாது என்கிறார்கள், மயக்கம் லேசானதுதான் என்கிறார்கள். எல்லாம் லேசு என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் பயம் கூடுகிறது. இந்தக் கிழமைக்குள் மருந்து ஏற்றத் தொடங்குவார்கள். முதல் நாள் உன் பக்கத்தில் நான் இருக்கவா என்று கேட்க இருந்தேன். அதையும் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. கதவடியில் தாதி உன்னை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். உம்மா கையை நீட்டினார். நீ கழற்றினாய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டு பேரையும் தேடினாய், உம்மாவின் கையைத் தாண்டி என் கையில் வைத்தாய். "வாப்பா, இது ஒடைஞ்சா எனக்கு ஒண்டும் தெரியாது, கவனம்" என்றாய். உன் விரல் என் விரலில் பட்டது. என்ன அர்த்தத்தில் தந்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

இப்போது அது என் இடது கையில் இருக்கிறது. பொக்கட்டில் போட்டால் நெரியும், மடியில் வைத்தால் விழும், துடைத்தால் கீறும் என்று எல்லாத்துக்கும் பயம். அதனால் துடைக்கவில்லை, மடிக்கவில்லை, எந்தக் கெட்டித்தனமும் செய்யவில்லை. தந்தபடியே பிடித்துக்கொண்டிருக்கிறேன். உம்மா ஓதுவதை நிறுத்திவிட்டு, "தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்களேன்" என்கிறார். எப்படிப் போவேன்? கண் திறந்ததும் நீ முதலில் இதைத்தானே கேட்பாய்.